நிபுணர் வந்தால் தீர்ந்துவிடுமா?

மன்னாரில் சுகாதாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மூன்று கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். நிபுணர்களை அனுப்புங்கள். இயந்திரங்களைத் தாருங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையை மாகாணத்திடமிருந்து எடுத்து மத்திய அமைச்சின் பொறுப்பில் விடுங்கள். 2024 யூலையிலும் பின்னர் நவம்பரிலும் பிரசவத்தை ஒட்டி நேர்ந்த மரணங்கள் ஊரைத் தெருவுக்கு இறக்கிய பிறகு, இந்த மூன்றும் மறுபேச்சில்லாத முடிவுகளாகவே ஆகிவிட்டன. மேடையில் அரசியல்வாதி கேட்பதும் இதுதான். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து ஊருக்குக் காசு சேர்ப்பவர்கள் கேட்பதும் இதுதான். இவற்றில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்படும் நோயாளியின் உறவுகளிடம் போய், ஸ்கேன் இயந்திரம் ஆடம்பரம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் இந்தக் கோரிக்கைகளுக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: வைத்தியம் என்பது வைத்தியர் செய்வது, மற்றவர்கள் அவருக்குக் கைகொடுப்பவர்கள், ஆகவே வைத்தியர் கூடினால் வைத்தியம் கூடும், குறைந்தால் குறையும். மறுக்க வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். மன்னார்த் தீவின் கரையோர ஊர்களுக்கு இன்று கிடைக்காமல் இருக்கும் பராமரிப்பில் பெரும்பகுதி, தாதியரும் மருத்துவமாதரும் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பதைச் செய்விக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லாததால்தான் கிடைக்காமல் இருக்கிறது.

ஓலைத்தொடுவாயை எடுத்துக்கொள்வோம். பேசாலை, தலைமன்னார் போலப் பெயர் அடிபடாத, கடலை நம்பிய ஒரு கரையோர ஊர். இங்கே ஐம்பது வயதுக் கடற்றொழிலாளி ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மன்னார் பட்டினத்தில் ஸ்கேன் இயந்திரம் இருந்தால், மூளையில் இரத்தம் கசிந்ததா, அடைப்பா என்று தெரிந்துவிடும்; அது தெரிவது பெரிய காரியம்தான். ஆனால் அந்த மனிதருக்குப் பத்து வருடமாக உயர் இரத்த அழுத்தம் இருந்தது, ஒருவரும் அதை அளக்கவில்லை என்பதை அந்த இயந்திரம் சொல்லாது. பிரசவத்திலும் அப்படியே. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் குறைவு என்பது ஏழாம் மாதத்தில் ஊரில் கண்டுபிடிக்கப்பட்டு, மாத்திரை கொடுத்து, அவள் அதை விழுங்குகிறாளா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால், பிரசவ அறையில் பெருக்கெடுக்கும் குருதியைத் தாங்கும் வலு அவளுக்கு இருக்கும். அந்த வலு இல்லாதவளைக் கடைசி அரை மணித்தியாலத்தில் காப்பாற்ற முயல்பவர்தான் நிபுணர். அவர் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவர் கதையின் கடைசி அத்தியாயத்தில் வருகிறவர். அதற்கு முந்திய அத்தியாயங்கள் எல்லாம் வைத்தியர் இல்லாத இடங்களில், பெரும்பாலும் பெண்களால், ஊரில் நடக்கின்றன. பொதுப்பேச்சு கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு முழுக் கதைக்கும் தீர்ப்பெழுதுகிறது.

இது வெறும் அனுமானம் என்று யாராவது நினைத்தால், இலங்கையின் சொந்த வரலாற்றையே எடுத்துக் காட்டலாம். 1930-களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நிலைமை இன்னும் மோசமானது. இன்று அந்தத் தொகை முப்பதை ஒட்டி நிற்கிறது. தென்னாசியாவே திரும்பிப் பார்த்த இந்த வீழ்ச்சி மகப்பேற்று நிபுணர்களின் எண்ணிக்கையால் நிகழ்ந்ததல்ல. வீழ்ச்சி வேகமெடுத்த காலத்தில் அவர்கள் நாடு முழுவதுக்குமே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள். 1926-இல் ரொக்கஃபெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வைத்தியசாலையை விட்டு வெளியே வந்து வீடுவீடாகப் போகும் ஒரு முறையை அறிமுகப்படுத்தியது. அந்த முறையின் முதுகெலும்பு, கடிதங்களில் குடும்பநல உத்தியோகத்தர் என்று எழுதப்படும், ஊரில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று அழைக்கப்படும் பொதுச் சுகாதார மருத்துவமாது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு, ஒன்றரை வருடப் பயிற்சி, ஒரு பதிவேடு, ஒரு பை. உலக வங்கி 2003-இல் மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, தாய்மார் மரணத்தைக் குறைத்த காரணங்களில் இந்தப் பெண்களின் வலைப்பின்னலை முன்வரிசையில் வைத்தது. உண்மைதான், மலேரியா ஒழிப்பும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் பெண்கல்வியும் இலவச வைத்தியசாலைகளும் சேர்ந்தே இதைச் சாதித்தன. ஒரே காரணம் என்று எதையும் தூக்கிப் பிடிப்பது நேர்மையல்ல. ஆனால் அந்த மருந்துகளையும் அந்த வைத்தியசாலைகளையும் கடைக்கோடி வீட்டின் வாசலோடு இணைத்தவர் யார் என்று கேட்டால், பதில் ஒன்றுதான்.

அதே முறை இன்று ஏன் தடுமாறுகிறது என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. மருத்துவமாதுக்கும் தாதிக்கும் இந்த நாடு வேலையைக் கொடுத்தது, பொறுப்பைக் கொடுத்தது, கண்டிப்பையும் கொடுத்தது. முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி வைத்தியர். பிராந்தியப் பணிப்பாளர் வைத்தியர். மாகாணப் பணிப்பாளர் வைத்தியர். வைத்தியசாலையின் அத்தியட்சகரும் வைத்தியர். தாதியரின் ஏணி வேறு: சாதாரணத் தரத்திலிருந்து தாதிய சகோதரி, அங்கிருந்து விசேட தரம். களத்தில் மருத்துவமாதுக்கு மேலே மேற்பார்வை மருத்துவமாது, அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. இந்த ஏணியின் உச்சிப்படியில் நிற்பவரும் ஆட்களின் முறைவேலையையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எந்த நேரத்தில் கிளினிக் வைப்பது, எந்த வாகனம் எங்கே போவது, இந்த ஆண்டு எந்த நோய்க்கு முன்னுரிமை கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் கையொப்பம் அவருடையதல்ல. மாதாமாதம் மருத்துவமாது நிரப்பும் அறிக்கை மேலே போகிறது. மேலே இருந்து இலக்கு கீழே வருகிறது. மேலே போன தகவலை வைத்து என்ன செய்யலாம் என்று, அந்தத் தகவலை வெயிலில் நடந்து சேர்த்தவளிடம் யாரும் கேட்பதில்லை.

அவளிடம் கேட்டால் என்ன தெரியவரும்? 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டன. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வந்து இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல திட்டம். ஆனால் இந்த நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்த விடயம். இதற்கு ‘ஆண்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரு பதிலை அறிக்கைகள் தயாராக வைத்திருக்கின்றன. பொழுதுபடும் நேரத்தில் வலையேற்றிக்கொண்டு போய், விடியற்காலை கரைக்கு வந்து, மீனைப் பிரித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வலையில் சிக்கிய பாசியை உதறி, வீட்டுக்கு வந்து கண்ணயரும் ஒருவருக்குக் காலை எட்டு மணிக் கிளினிக் என்பது நடுச்சாமத்தில் கதவைத் தட்டுவது மாதிரி. பின்னேரம் நாலு மணிக்கு இறங்குதுறை வாடியடியில், அவர்கள் வலை பொத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு மேசையும் அழுத்தமானியும் சீனி பார்க்கும் கருவியும் கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் இருபது பேரைப் பார்க்கலாம். இது எந்தத் தாதிக்கும் தெரியும். ஆனால் நேரத்தை மாற்றவும், இடத்தை மாற்றவும், மேலதிக நேரக் கொடுப்பனவுக்குக் கையொப்பமிடவும் அவளால் முடியாது. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டிச் சுழியோடும் இளைஞர்களின் கதையும் இதுவே. ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக்குமிழ் கட்டி மூட்டுவலியில் தொடங்கி முடக்கம்வரை போகும். உடனடியாகச் சுத்தமான ஒட்சிசன் கொடுப்பதும், அழுத்த அறை உள்ள இடத்துக்கு வேகமாக அனுப்புவதும்தான் முதல் வைத்தியம். அந்த ஒட்சிசனைத் தொடங்குவதற்கும் வண்டியைக் கூப்பிடுவதற்கும் எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒரு தாதி பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் எந்நேரமும் இருந்தால், அந்த இளைஞனின் கால்கள் அவனுக்கு மிஞ்சும்.

இன்னொரு விடயமும் உண்டு. மாகாண அலுவலகத்தில் இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, இரண்டு பத்தாண்டுகளுக்குப் பின் எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் திரும்பிவந்தன. ஆனால் பலருக்கு இன்னும் புத்தளத்திலும் ஒரு வீடு, இங்கேயும் ஒரு வீடு. ஒரு கர்ப்பிணியின் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டை எந்த ஊரில் திறக்கப்பட்டது, அடுத்த மாதம் அவள் எந்த ஊரில் இருப்பாள், பிரசவம் எங்கே நடக்கும் என்பது கணினியில் இல்லை, மருத்துவமாதின் மண்டைக்குள் இருக்கிறது. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. தாய் புத்தளத்தில் இருந்தால் மன்னார்ப் பதிவேட்டில் அந்த வீட்டு வருகை ஒரு வெற்றுக்கட்டம். புத்தளத்தில் அவள் ஒரு விருந்தாளி. இந்த இடைவெளியை அடைக்க ஸ்கேனர் உதவாது. இரண்டு மாவட்டங்களின் தாதிய சகோதரிகள் நேரடியாகப் பேசி, பெயர்களைக் கைமாற்றிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு உதவும். அதற்கும் இப்போது கடிதம் மேலே போய், மாகாண எல்லை தாண்டி, கீழே வர வேண்டும். நுளம்பின் கதையும் இப்படித்தான். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு நாட்டிலேயே முதல்தடவையாகக் கண்டுபிடிக்கப்பட்டது இந்த மன்னார்த் தீவில்தான், வீட்டுக் கிணறுகளில். அந்த நுளம்பு மீண்டும் நோயைக் கொண்டுவருமா என்பது நிபுணரின் ஆய்வறையில் அல்ல, முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கும் ஆளிடம் முதலில் தெரியும்.

மொழி விடயத்தையும் விட முடியாது. தெற்கில் படித்து முதல் நியமனமாக மன்னாருக்கு வரும் இளம் வைத்தியர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. அது அவர்களுடைய குற்றமும் அல்ல. வருடாந்த இடமாற்றப் பட்டியலில் வந்தவர்கள் அதே பட்டியலில் போய்விடுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டே போனவர்களும் ஏராளம். நோயாளிக்கும் அவர்களுக்கும் நடுவே நின்று, வலி எங்கே என்று கேட்டு, அதைச் சிங்களத்தில் சொல்லி, பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்வது தாதி. இந்த வேலைக்குப் பதவியும் இல்லை, படியும் இல்லை. இதே நிலையை வேறொரு கண்டத்தில் கண்ட ஒரு பெண் என்ன செய்தார் என்பது நமக்குப் பாடம். பனாமாவில் 1920-இல் பிறந்த இல்டௌரா முரில்லோ-ரோடே, 1945-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்து தாதியானார். ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகள் நிறைந்த சான் அன்ரோனியோ நகரில் அந்த மொழி பேசும் தாதியர் அரிதாக இருந்தார்கள். பின்னாளில் தலைநகரில், தாதியர் கல்விக்கும் ஆய்வுக்கும் நிதி ஒதுக்கும் குழுக்களில் தன்னைத் தவிர அத்தகைய தாதியர் வேறெவரும் இல்லை என்பதைக் கண்டார். 1975-இல் ஹிஸ்பானியத் தாதியருக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் முன்னிறுத்திய கோரிக்கையை உற்றுப் பார்க்க வேண்டும்: புறக்கணிக்கப்பட்ட சமூகத்துக்கு மேலும் வைத்தியர்களை அனுப்புங்கள் என்று அவர் நிற்கவில்லை, அந்தச் சமூகத்தின் தாதியருக்குக் கல்வியில் மேற்படிப்பையும் கொள்கை மேசையில் இடத்தையும் கேட்டார். அரை நூற்றாண்டு கழிந்தும் அங்கே வேலை முடியவில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிவிட்ட ஹிஸ்பானியர், பதிவு பெற்ற தாதியரில் ஏழு சதவீதம் அளவே. ஆனால் கேள்வி சரியான இடத்தில் வைக்கப்பட்டது. நாம் இன்னும் அந்த இடத்துக்கே வந்து சேரவில்லை. இத்தனைக்கும் இந்த வடபுலத்தில்தான் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார்; மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857-இல் தமிழில் வெளிவந்தது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பாதுகாப்பு: நோயைக் கணிக்கவும் மருந்து எழுதவும் தாதிக்குப் பயிற்சி இல்லை, உயிரோடு விளையாடலாமா என்ற கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் இதற்கு ஆய்வு விடை இருக்கிறது. ஆரம்ப நிலைப் பராமரிப்பில் வைத்தியருக்குப் பதிலாகத் தாதியர் செயற்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்த 18 சோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, கொக்ரேன் அமைப்பு 2018-இல் மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. நோயாளிகளின் நிலை வைத்தியரிடம் போனவர்களின் நிலைக்குச் சமமாக அல்லது சற்று மேலாக இருந்தது. திருப்தியும் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பணக்கார நாடுகளில் நடந்தவை, அங்குள்ள தாதியரின் பயிற்சி வேறு என்று எதிர்வாதம் செய்பவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதனால்தான் நாளைக்கே ஒவ்வொரு தாதியின் கையிலும் மருந்துச் சீட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது இதைவிடச் சிறியது, ஆனால் கூர்மையானது: எழுதி வைத்த நெறிமுறைக்குள், கண்டுபிடிக்கப்பட்ட உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர் மருந்தை வழங்கவும், அபாய அறிகுறி கண்டால் எவரிடமும் அனுமதி கேட்காமல் நோயாளியை அடுத்த நிலைக்கு அனுப்பவும், எந்த நிபுணரையும் நள்ளிரவிலும் நேரடியாக அழைக்கவும் உரிமை. இதில் எதுவும் புதுமையல்ல. வைத்தியர் பற்றாக்குறை நிலவிய பத்தாண்டுகளில் இலங்கையின் ஒதுக்குப்புற வைத்தியசாலைகளை ஓட்டியவர்கள், முழுப் பட்டம் பெறாத அப்போதிக்கரிகளும் உதவி வைத்தியர்களும்தான். அப்போது யாரும் உயிரோடு விளையாட்டு என்று கூச்சலிடவில்லை. அவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடினமானது, கோபத்தோடு வருவது. 2024-இல் நடந்தவற்றில் தாதியர்மீதும் மருத்துவமாதர்மீதும்தானே குற்றச்சாட்டு எழுந்தது, கூப்பிட்டும் வரவில்லை என்றுதானே உறவினர் அழுதார்கள், அவர்களுக்கா மேலும் அதிகாரம் என்பது அது. அந்த மரணங்களில் யாருடைய பொறுப்பு எவ்வளவு என்பதை இங்கே தீர்ப்பது என் நோக்கமல்ல. அது விசாரணைக்கும் சட்டத்துக்கும் உரியது. ஆனால் பொதுவாக ஒன்றைச் சொல்ல முடியும். விடுதிகளில் நேரும் தவிர்க்கக்கூடிய மரணங்களைப் பற்றி உலகெங்கும் நடந்த விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று: நிலைமை மோசமாகிறது என்பதைக் கட்டிலருகே நின்றவர் கண்டிருப்பார், சொல்லியிருப்பார், அல்லது சொல்லப் பயந்திருப்பார், சொன்னது மேலே ஏறியிருக்காது. இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் மரணத்துக்குப் பிறகு 2024 முதல் மார்த்தா விதி என்ற பெயரில் ஒரு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உறவினரோ ஊழியரோ சந்தேகப்பட்டால், சிகிச்சை செய்யும் குழுவைத் தாண்டி வேறொரு குழுவை உடனே அழைக்கலாம். இதன் உட்பொருள் என்ன? எச்சரிக்கும் உரிமை பதவிப்படியைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே. இரவு இரண்டு மணிக்கு நிபுணரை எழுப்பினால் நாளைக்குத் திட்டு விழும் என்று அஞ்சும் தாதி அலட்சியக்காரி போலத்தான் வெளியில் தெரிவாள். சிலர் உண்மையிலேயே அலட்சியக்காரராக இருக்கவும் கூடும். அவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதிகாரம் இல்லாதவரிடம் முழுமையான பொறுப்புக்கூறலை எப்படிக் கேட்பது? ‘டொக்டருக்குச் சொன்னேன்’ என்ற இரண்டு சொல் பதிலோடு அவர் தப்பிவிடுவார், தப்பிக்கவும் நியாயம் இருக்கும். முடிவெடுக்க உரிமை கொடுத்தால் அந்தப் பதில் செல்லாது. அதிகாரம் கொடுப்பது அவர்களுக்குச் சலுகை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, சமத்துவத்தின் பெயரால் ஒரு வாதம் வருகிறது. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். கொழும்பில் இருப்பவனுக்கு நிபுணர், மன்னார்க் கடற்கரையில் இருப்பவனுக்குத் தாதியா, ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியமா என்று கேட்கிறார்கள். இந்த வாதம் ஒரு பிழையான தராசில் நிற்கிறது. ஓலைத்தொடுவாயில் இன்று தாதியின் பராமரிப்புக்கும் நிபுணரின் பராமரிப்புக்கும் இடையே போட்டி நடக்கவில்லை. தாதியின் பராமரிப்புக்கும் ஒன்றுமில்லாமைக்கும் இடையேதான் தெரிவு இருக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணிநேரமும் பிரசவம் பார்ப்பதற்காக, நிலையம் ஒன்றுக்கு மூன்று செவிலியர் நியமிக்கப்பட்ட பிறகு அங்கே நடக்கும் பிரசவங்கள் வேகமாகப் பெருகின. கட்டடம் முன்பும் இருந்தது. இரவில் விளக்கோடு ஒரு ஆள் இருந்ததுதான் மாற்றம். 2021 ஓகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. கொண்டுபோவது பெண் தன்னார்வலர்களும் செவிலியரும். அந்தத் திட்டத்தில் ஊதியம், ஒப்பந்தம், பணிச்சுமை என்று குறைகள் இல்லாமல் இல்லை. மலிவான பெண் உழைப்பின்மீது அரசு பெருமை தேடிக்கொள்கிறது என்ற விமர்சனத்தில் உண்மையும் உண்டு. ஆனாலும் அது நிபுணர்களைக் குறைத்துவிடவில்லை. அவர்களிடம் போகவேண்டியவர்களை நேரத்தோடு அனுப்பிவைக்கிறது.

அந்த விமர்சனம் நான்காவது எதிர்வாதத்துக்குக் கொண்டுவருகிறது. எனக்கு மிகவும் உறைப்பது அதுதான். ஏற்கெனவே பதிவேடுகளுக்குள் மூழ்கிக் கிடக்கும் பெண்கள்மீது ‘தலைமைத்துவம்’ என்று அழகான பெயர் சூட்டி இன்னொரு சுமையையும் ஏற்றுவதா? காலையில் கிளினிக், மதியம் வீட்டு வருகை, திரிபோஷா சத்துமா விநியோகம், பின்னேரம் அறிக்கை. இத்தனைக்கும் நடுவே கூட்டத்துக்கும் போகச் சொல்கிறீர்களா? அப்படிச் செய்தால் அது அநியாயம்தான். ஆனால் அவர்கள் நிரப்பும் பத்திரங்களில் எவை பயனற்றவை என்று அவர்களே சொல்லி நிறுத்தும் உரிமைதான் தலைமைத்துவத்தின் முதல் பயன். ஒரே எண்ணை மூன்று புத்தகங்களில் எழுதுவதை ஒரு தாதிய சகோதரியால் ஒரு நாளில் நிறுத்த முடியும், அவருக்கு அந்தக் கையொப்பம் இருந்தால். அதோடு சேர்ந்து வரவேண்டியவை சம்பளமும் பதவி உயர்வும் மேற்படிப்பும். இவை இல்லாமல் பொறுப்பை மட்டும் கூட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. வைத்தியர்களின் தொழிற்சங்கம் எதிர்க்கும் என்பார்கள். எதிர்க்கலாம். தன் எல்லைக்குள் வேறொருவர் வருவதை எந்தத் தொழில்தான் கைதட்டி வரவேற்றது?

ஆள் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. தாதியரும்தான் நாட்டை விட்டுப் போகிறார்கள். தெற்கிலிருந்து வருபவர்கள் இடமாற்றம் கேட்கிறார்கள். இதற்கான விடை ஆட்சேர்ப்புச் சுற்றறிக்கையில் தொடங்குவதில்லை, பாடசாலையில் தொடங்குகிறது. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும்; கரையோரத்துப் பிள்ளைகளில் பலர் அந்தப் பிரிவு இல்லாத பாடசாலையில் படித்து, கலைப்பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். பேசாலையிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் ஓலைத்தொடுவாயிலிருந்தும் வருடத்துக்கு நாலைந்து பெண்பிள்ளைகள் உயிரியல் படித்துத் தாதியர் கல்லூரிக்குப் போனால், பத்து வருடத்தில் இந்தத் தீவின் விடுதிகளில் இடமாற்றம் கேட்காத ஒரு தலைமுறை நிற்கும். புலம்பெயர்ந்தவர்கள் இயந்திரத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை உயிரியல், இரசாயனவியல் ஆசிரியருக்கும், தங்கிப் படிக்கும் விடுதிக்கும் ஒதுக்கலாம். நாடாவெட்டிப் படம் எடுக்க அதில் வசதி குறைவு என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் சட்டம் மாற வேண்டும், அமைச்சரவை அனுமதிக்க வேண்டும், காலம் பிடிக்கும் என்று சொல்வார்கள். மருந்து வழங்கும் உரிமைக்கு அது உண்மை. மற்றவற்றில் பலவற்றுக்கு அது சாக்கு. கிளினிக் நேரத்தைக் களத்திலுள்ள தாதிய சகோதரி தீர்மானிக்கலாம் என்று பிராந்தியப் பணிப்பாளரே எழுதிக் கொடுக்கலாம். விடுதித் தாதி நிபுணரை நேரடியாக அழைக்கலாம், அழைத்ததற்காக எவரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அத்தியட்சகர் ஒரு பக்கச் சுற்றறிக்கை விடலாம். புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையே கர்ப்பிணிகளின் பெயர்ப்பட்டியலைக் கைமாற்ற இரண்டு தொலைபேசி எண்கள் போதும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஸ்கேனரைப் பற்றிப் பேசட்டும், நன்றாகப் பேசட்டும். அதே கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி ஒருவரை அழைத்து, நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு நேரே ஒரு விடயத்தையும் போடுவதற்கு, மாவட்டச் செயலகத்திலிருந்து போகும் அழைப்புக் கடிதங்களில் ஒன்று கூடினால் போதும்.